தாட்சாயிணியின் மூவாயிரம் பேர்

என் ஓரகத்தி தாட்சாயிணிக்கு மூவாயிரத்துச் சொச்சம் பேரைத் தெரியும். ஆனால் எதிர்வீட்டில் பத்து வருஷமாகக் குடியிருக்கிறவரின் பெயர் தெரியாது. ஒரு நாள் அவர் எங்கள் கேட்டுக்குள் விழுந்த தன் செய்தித்தாளைத் தேடி வந்தபோது, "அக்கா, யாரோ ஒருத்தர் வந்திருக்கார்" என்று என்னைத்தான் கூப்பிட்டாள். பாவம், அவர் முகம் சுண்டிப்போயிற்று.

பெங்களூர் விஜயநகரில் எங்கள் வீடு. கீழே நானும் என் வீட்டுக்காரரும். மாடியில் கொழுந்தனார் பிரபுசாமியும் தாட்சுவும். அவர்கள் மகள் மைசூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். இரண்டு குடும்பத்துக்கும் அடுப்பு ஒன்றுதான், கீழே. காலைக் காபிக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் தாட்சு இறங்கி வந்துவிடுவாள். ஆகையால் அவள் கதையில் பெரும்பகுதி என் அடுப்பங்கரையிலேயே நடந்தது. மீதியை அவள் வாயால் கேட்டேன்.

கம்பெனிகளுக்கு ஆள் எடுப்பது அவள் வேலை. பெங்களூரில் கம்பெனிக்கா பஞ்சம்? ஒவ்வொன்றுக்கும் தினம் ஆள் வேண்டும். அந்த ஆளைத் தேடிப் பிடித்து, பேசிப் பார்த்து, உள்ளே கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். இருபது வருஷம் அதைச் செய்தாள். அவள் கைவழியாக வேலைக்குப் போனவர்கள், கூட வேலை பார்த்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் லிங்க்டின் என்கிற இடத்தில், அவள் போனுக்குள் இருந்தார்கள். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். அது என்ன என்று ஒருமுறை எட்டிப் பார்த்தேன். கல்யாண வீட்டில் பட்டுடுத்தி நிற்கிற மாதிரி எல்லாரும் கோட்டுப் போட்டுக்கொண்டு சிரித்தபடி நின்றார்கள். ஒருவர் முகத்திலாவது அலுப்பு தெரியுமா என்று தேடினேன். இல்லை.

காலையில் நான் குளித்து, விபூதி இட்டு, கழுத்தில் கட்டிய லிங்கத்தைக் கையில் வைத்துப் பூசைக்கு உட்காரும் நேரத்தில்தான் அவளும் காபித் தம்ளரோடு போனை எடுப்பாள். இன்றைக்கு யாருக்குப் பிறந்தநாள், யார் புது வேலைக்குப் போனார், யார் ஒரே இடத்தில் ஐந்து வருஷம் முடித்தார் என்று அதுவே எடுத்துச் சொல்லும். ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதுவாள். அந்த இடமே தயாராக எழுதிவைத்திருக்கும் வாழ்த்தை அழுத்திவிட்டுப் போகிறவள் இல்லை. "குழந்தைக்கு உடம்பு தேவலையா?", "புனே மழை எப்படி?" என்று கேட்டு எழுதுவாள்.

"இவ்ளோ பேருக்குத் தினமும் எழுதறியே, கை வலிக்கல?" என்று கேட்டேன்.

"நீங்க ஒரே பேரை நூத்தெட்டு தரம் சொல்றீங்களே அக்கா, வாய் வலிக்குதா? நான் நூத்தெட்டுப் பேரை ஒரு தரம் சொல்றேன். அவ்ளோதான் வித்தியாசம்."

"சிவா சிவா, எதுக்கு எதை ஒப்பிடற!"

"வேலை நல்லா இருக்கும்போதே விசாரிச்சு வெச்சுக்கணும் அக்கா. நமக்கு ஒண்ணு ஆனப்புறம் கூப்பிட்டா, மணி அடிக்கும்போதே அவங்களுக்குத் தெரிஞ்சுபோயிடும், எதுக்குன்னு."

அது எனக்குப் புரிந்தது. கௌரி பண்டிகைக்கு முறத்தில் மஞ்சளும் வளையலும் வைத்துக் கொடுத்து வாங்குகிறோம். வருஷம் தவறாமல் கொடுத்து வாங்கிய வீட்டு வாசலில்தான் ஒரு கஷ்டத்தில் போய் நிற்க முடியும்.

ஆள் எடுக்கிறவளே ஆளை அனுப்பவும் வேண்டும் என்பது மட்டும் எனக்கு வெகுநாள் தெரியாது. ஐந்தாறு வருஷத்துக்கு முன் அவள் கம்பெனி ஒரு பிரிவையே மூடியது. இவர்களை வீட்டுக்கு அனுப்பு என்று பெயர்களை அவள் கையில் கொடுத்தார்கள். அந்த நாட்களில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. எங்கள் பெரியவர்கள் உழைப்பைப் பூசைக்குச் சமமாக வைத்தார்கள். அப்படியென்றால் ஒருவனைப் பார்த்து உனக்கு இனி வேலை இல்லை என்று சொல்வது, அவன் பூசைத் தட்டைப் பிடுங்குவது போலத்தானே? நான் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அவள் முகமே அதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

மற்ற ஊர்க் கிளைகளில் மெயிலில் ஒரு வரி அனுப்பிக் காரியத்தை முடித்தார்கள். இவள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, எதிரே உட்காரவைத்து, தன் வாயால் சொன்னாள். அவர்களில் ஷடாக்ஷரி என்று ஒருவர். திப்டூர்க்காரர், கணக்குப் பிரிவு. எல்லாரும் அழுதார்கள் அல்லது கத்தினார்கள். அவர் மட்டும், "இதுக்கு உங்களுக்கு எவ்ளோ சம்பளம் மேடம்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாராம். அதை அவளால் மறக்கவே முடியவில்லை.

ஷடாக்ஷரி என்றால் சிவனுடைய ஆறெழுத்து மந்திரம். பெயரைச் சொன்னாலே ஜபம் ஆகிவிடுகிறது, அந்த மனிதரை எப்படித் திட்டுவது என்று நான் திண்டாடுவேன்.

அவரை அவள் தன் தொடர்பிலிருந்து நீக்கவில்லை. வருஷா வருஷம் ஜூன் மாதம் முதல் தேதி அவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து எழுதுவாள். பதில் வந்ததே இல்லை. ஆனால் அவரும் இவளை வெட்டிவிடவில்லை.

"அதுல ஒரு அமுக்கு அமுக்கினா நான் போயிடுவேன் அக்கா. ஏனோ அமுக்க மாட்டேங்கறார்" என்பாள்.

போன ஆடி மாதம் அவள் முறை வந்தது. மாடியில் அவள் கம்ப்யூட்டர் திரையில் ஒரு இளைஞன் வந்து, இத்தனை வருஷச் சேவைக்கு நன்றி என்று ஏதோ படித்தானாம். அவன் முடிப்பதற்குள்ளேயே அவள் மெயில் திறக்காமல் போய்விட்டது. இறங்கி வந்தாள். மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் எடுத்து வைத்திருந்த பூண்டை உரித்தாள். எல்லாவற்றையும் உரித்த பிறகுதான் சொன்னாள்.

"ஒரு நிமிஷம்கூட ஆகல அக்கா. நான் ஒவ்வொருத்தருக்கும் அரை மணி நேரம் எடுத்துக்கிட்டேன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பூண்டு வாசனை. வேறு என்ன செய்ய?

பிரபுசாமியின் அச்சுக்கூடம் பேருக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுச் சுமையைத் தூக்கியது அவள்தான். அதைவிடவும் அவளை அரித்தது வேறொன்று. அவர்கள் தொழிலில் ஆறு மாதத்துக்கு மேல் சும்மா இருந்தவளை யாரும் தொட மாட்டார்கள். அவளே அப்படித்தான் பலரை ஒதுக்கியிருக்கிறாள். நாற்பத்தைந்து வயதில் அந்த ஆறு மாதம் தாண்டிவிட்டால் இந்தத் தொழிலில் அவள் கணக்கு முடிந்தது. தை பிறப்பதற்குள் வேலை வேண்டும்.

"மூவாயிரம் பேர் இருக்காங்களே, சொல்லிடேன்" என்றேன் நான்.

"சொன்னா என் படத்தைச் சுத்திப் பச்சையா ஒரு வளையம் போட்டுக்கணும். வேலை தேடறேன்னு அர்த்தம்."

"போட்டுக்கயேன். பச்சை நல்ல நிறம்தானே?"

சிரித்தாள். அதற்குள் அது அபூர்வமாகிவிட்டிருந்தது. "வேலை இருக்கறவளைத்தான் வேலைக்குக் கூப்பிடுவாங்க அக்கா. இல்லாதவளுக்கு ஏன் இல்லைன்னு யோசிப்பாங்க. அதோட..." என்று நிறுத்தினாள். "நான் அனுப்பினவங்க எல்லாரும் அதைப் பாப்பாங்க."

அதனால் அவள் ஒன்றையும் மாற்றவில்லை. போனுக்குள் அவள் இன்னும் அதே கம்பெனியில் அதிகாரியாகவே இருந்தாள். வெளியே மாடிப்படியில் நைட்டியோடு உட்கார்ந்திருந்தாள். தெரிந்த சிலரைமட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். எல்லாரும் இனிமையாகத்தான் பேசினார்கள். "உங்களுக்கு இல்லாததா மேடம்", "உங்க விவரம் கைவசம் இருக்கட்டும்", "அடுத்த காலாண்டுல பாக்கலாம்." ஒவ்வொரு போனையும் வைத்துவிட்டு, "இது நான் சொல்ற வசனம் அக்கா" என்பாள். "வார்த்தைகூட மாத்தல. என்கிட்டயே கத்துக்கிட்டு என்கிட்டயே சொல்றாங்க." நாலைந்து வாரத்தில் அதைச் சொல்வதையும் விட்டுவிட்டாள்.

ஆனாலும் காலைக் காபியோடு வாழ்த்து எழுதுவதை விடவில்லை. வேலை போன வீட்டில் உட்கார்ந்துகொண்டு, வேலை கிடைத்தவர்களுக்கெல்லாம் "மிக்க மகிழ்ச்சி" என்று எழுதினாள். அது பொய் இல்லை என்பதை நான் அறிவேன். ஆனாலும் எழுதி முடித்ததும் இறைத்த கிணறு போல உட்கார்ந்திருப்பாள். சிவனே, இந்தப் பெண்ணுக்கு ஒரு வழி விடு என்று நான் லிங்கத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன்.

கார்த்திகை மாதம் ஒரு திங்கட்கிழமை. நான் உபவாசம். அவள் போன் கும்மியடிக்கிற மாதிரி அதிர்ந்துகொண்டே இருந்தது. நல்ல சேதிதான் வந்துவிட்டது என்று நினைத்து ஓடினேன்.

"தாட்சு, கிடைச்சுடுச்சா?"

அவள் போனை என் பக்கம் திருப்பினாள். முகம் வெளிறியிருந்தது. "நான் இந்தக் கம்பெனியில சேந்து இன்னிக்குப் பத்து வருஷமாம் அக்கா. அதுவே எல்லாருக்கும் சொல்லிடுச்சு."

அவள் மாற்றாமல் விட்டதுதான் காரணம். அவள் மற்றவர்களுக்கு வருஷா வருஷம் அனுப்பியது அத்தனையும் ஒரே நாளில் திரும்பி வந்து விழுந்தது. பத்து வருஷத்துக்கு வாழ்த்து, இன்னும் பல பத்து வருஷம் அங்கேயே ஓங்கி வளருங்கள், உங்களைப் போன்றவர் கிடைக்க அந்தக் கம்பெனி கொடுத்து வைத்திருக்க வேண்டும். குழந்தையின் உடம்பை அவள் விசாரித்தாளே, அந்தத் தகப்பன் நீளமாக எழுதியிருந்தான். பழைய கம்பெனியில் அவளுக்குக் கீழே இருந்த பெண் மட்டும் போன் செய்தாள்.

"மேடம், அதை மாத்திடுங்க மேடம். இங்க எல்லாரும் பாத்துக்கிட்டிருக்காங்க." மேலே என்ன சொல்வதென்று தெரியாமல், "சாப்பிட்டீங்களா மேடம்?" என்று கேட்டு வைத்துவிட்டாள்.

பிரபுசாமி இறங்கி வந்தார். "இதுக்கு ஏன் இப்படி உக்காந்திருக்க? சத்தமில்லாம மாத்திட்டுப் போ. நாளைக்கு யாருக்கு ஞாபகம் இருக்கப்போகுது?"

"வாழ்த்தினவங்களுக்கு நன்றின்னு போட்டா அது பொய். போடலேன்னா திமிரு. என்ன பண்ணச் சொல்றீங்க?"

"உனக்கு எல்லாத்துலயும் ஒரு சாஸ்திரம்" என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்.

அவள் மதியம்வரை அப்படியே இருந்தாள். பிறகு எழுதினாள். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினாள். நம் பேச்சில் சொன்னால் இவ்வளவுதான்: "வாழ்த்தின எல்லாருக்கும் நன்றி. நான் ஆடி மாசத்துலேர்ந்து அங்க இல்ல. என்னை அனுப்பிட்டாங்க. சொல்லக் கூச்சப்பட்டு மறைச்சேன். இப்ப வேலை தேடிக்கிட்டிருக்கேன்." படத்தைச் சுற்றிப் பச்சை வளையத்தையும் போட்டுக்கொண்டாள்.

முதல் ஒரு மணி நேரம் இதயப் படமும் கைகூப்புகிற படமுமாகக் கொட்டியது. தைரியம் என்றார்கள், உண்மை என்றார்கள். சாயங்காலம் கொட்டுவது நின்றது. விளக்கேற்றும் நேரத்தில் ஒரு வரி வந்து நின்றது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஷடாக்ஷரி எழுதியிருந்தார்.

"இப்ப தெரியுதா மேடம்?"

எல்லாரும் பார்க்கும்படி எழுதியிருந்தார். அதைப் பிடித்திருக்கிறது என்று கட்டைவிரல் தூக்கியவர்களில் அவள் அனுப்பிய வேறு சிலரும் இருந்தார்கள்.

"அழிச்சுத் தொலை அதை" என்றார் பிரபுசாமி. "உன் பதிவுதானே?"

"அவர் கேட்டதுல என்ன தப்பு?" என்றாள். அதற்குக் கீழே, "தெரியுது சார்" என்று இரண்டே வார்த்தை எழுதிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். அன்று அவளும் என்னோடு உபவாசம்.

புனேயில் ஒருவர். அவரை அவள் நேரில் பார்த்ததே இல்லை. மழையை விசாரிப்பாளே, அவர்தான். தனக்குத் தெரிந்த ஒரு கம்பெனி ஒயிட்ஃபீல்டில் ஆள் தேடுவதாகச் சொல்லி, இவள் பேரை அங்கே கொடுத்தார். மூன்று தடவை திரையில் பேசினார்கள். பேசினவள் மைசூரில் படிக்கிற எங்கள் பெண்ணைவிட நாலைந்து வயதுதான் மூத்தவளாக இருப்பாள். "உங்களைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க" என்று ஆரம்பித்தாளாம். இருபது வருஷமாகத் தான் கேட்ட கேள்விக்குத் தானே பதில் சொன்னாள் தாட்சு. நன்றாகப் போயிற்று. பிறகு ஒரு வாரம் சத்தமே இல்லை.

மார்கழிக் குளிர். அவரைக்காய் வந்து குவிந்திருந்தது. உரித்து ஊறவைத்த அவரைப் பயற்றைப் பிதுக்கித் தோலெடுத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

"இப்ப அவங்க என்னை விசாரிக்கறாங்க அக்கா" என்றாள். "நான் கொடுத்த பேருங்களைக் கூப்பிட மாட்டாங்க. அவங்க நல்லதுதானே சொல்வாங்க? என்னையும் அவங்க கம்பெனியையும் ரெண்டையும் தெரிஞ்ச ஆள் யாருன்னு லிங்க்டின்லயே தேடி, எனக்குத் தெரியாமக் கேப்பாங்க. நானும் அப்படித்தான் பண்ணுவேன்."

"பொண்ணு பாக்கப் போறவங்க, பொண்ணு வீட்டார் சொன்ன ஆளை விட்டுட்டுப் பால்காரனை விசாரிப்பாங்களே, அந்த மாதிரியா?"

"அதேதான். பால்காரர் யாருன்னு நானும் தேடிப் பாத்தேன்." ஒரு பயற்றைப் பிதுக்கினாள். தோல் ஒரு பக்கமும் பருப்பு ஒரு பக்கமும் தெறித்தன. "ஒரே ஆள்தான் இருக்கார். நம்மகிட்டேர்ந்து போனப்புறம் அங்க ரெண்டு வருஷம் வேலை பாத்திருக்கார். ஷடாக்ஷரி."

நான் பயற்றுக் கூடையைத் தள்ளி வைத்தேன்.

பிரபுசாமிக்கு இது தெரிந்ததும், "முன்னாடியே கூப்பிட்டு ஒரு மன்னிப்புக் கேட்டுடு. வாயா வலிக்குது?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. அவள் தலையை ஆட்டிவிட்டாள்.

"வேலைக்காகக் கேக்கற மன்னிப்பு லஞ்சங்க. அஞ்சு வருஷம் கேக்காதவ இன்னிக்கு எந்த முகத்தோட கேப்பேன்?"

அந்த வாரம் முழுக்க நான் ஜபமாலையை உருட்டும்போதெல்லாம் மந்திரத்தோடு அந்த மனிதரின் முகமும் வந்து நின்றது. நான் பார்த்திராத முகம். அவர் நல்லது சொல்ல வேண்டும் என்று கேட்பதா, உண்மையைச் சொல்ல வேண்டும் என்று கேட்பதா? அவர் பட்டதும் பட்டதுதானே. கேட்கத் தெரியாமல் வெறுமனே பேரை உருட்டினேன். அவள் இரண்டு நாள் தலை வாரவில்லை. மூன்றாம் நாள் நானே உட்காரவைத்து எண்ணெய் தேய்த்தேன். "கிடைக்கலேன்னா நான் என்ன அக்கா பண்ணுவேன்? எனக்கு மனுஷங்களைத் தேடிப் பிடிக்கறதைத் தவிர ஒண்ணும் தெரியாதே" என்றாள், தலையைக் குனிந்தபடியே.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஒயிட்ஃபீல்டிலிருந்து அந்தப் பெண் கூப்பிட்டாள். தாட்சு வாசல் பக்கம் நின்று பேசினாள். சரி, சரி என்றாள். ஒருமுறை, "அப்படியா?" என்றாள். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். உள்ளே வந்து மறுபடியும் பயற்றங்கூடை முன்னால் உட்கார்ந்தாள்.

"கிடைச்சுடுச்சு அக்கா. சங்கராந்தி கழிச்சு வரச் சொல்றாங்க."

நான் "சிவனே!" என்று எழுந்தேன். சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து பார்த்தால், அவள் முகத்தில் ஒன்றும் இல்லை.

"விசாரிச்சதுல ரொம்ப நல்லாச் சொல்லியிருக்காங்களாம். 'இந்த மாதிரி ஒருத்தரைத்தான் தேடிக்கிட்டிருந்தோம்'னா அந்தப் பொண்ணு. வர்ற வருஷம் அவங்க ரெண்டு பிரிவை மூடப் போறாங்க. ஆளுங்களை நல்லபடியா அனுப்பத் தெரிஞ்சவங்க வேணுமாம்."

நான் சர்க்கரை டப்பாவைத் திரும்ப அலமாரியில் வைத்தேன்.

அவளே போனை எடுத்தாள். இரண்டு கையிலும் பயற்று ஈரம். ஒரு விரலை மட்டும் துடைத்து ஷடாக்ஷரியின் எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டுத் தரையில் வைத்தாள்.

"ஹலோ?"

"சார், தாட்சாயிணி பேசறேன்."

அந்தப் பக்கம் பஸ் இரைச்சல். பிறகு, "ஓ, மேடமா! வேலை கிடைச்சுதா?"

"கிடைச்சுது. நீங்க என்ன சொன்னீங்க?"

"நிஜத்தைச் சொன்னேன். எனக்கு அந்தம்மாவைப் பிடிக்காதுன்னேன். ஏன்னு கேட்டாங்க. என்னை அனுப்பினவங்கன்னேன். எப்படி அனுப்பினாங்கன்னு கேட்டாங்க. அதுலதான் நான் மாட்டிக்கிட்டேன் மேடம். மெயில் அனுப்பல, ஓடி ஒளியல, எதிர்ல உக்காந்து சொன்னாங்க, ஏன்னு கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னாங்கன்னு சொன்னேன். கேட்டதும் அந்தப் பொண்ணுக்கு ஒரே குஷி. அப்பவே உறைச்சுது, தப்பா எதையோ சொல்லிட்டோமேன்னு."

"ஒண்ணு கேக்கட்டுமா சார்? இவ்ளோ கோவம் இருக்கறவர் என்னை ஏன் வெட்டி விடல?"

"வெட்டி விட்டா உங்க ஆளுங்களை எப்படிப் பாக்கறது?"

"என்னது?"

"உங்க மூவாயிரம் பேரையும் நான் ஒவ்வொருத்தராப் பாத்திருக்கேன் மேடம். 'தாட்சாயிணி மேடம்கூட வேலை பாத்தவன்'னு சொல்லித்தான் எழுதுவேன். பொய்யில்லையே? ஒயிட்ஃபீல்டு வேலை அப்படித்தான் கிடைச்சுது. இப்ப இருக்கறதும் அப்படித்தான். உங்க பேரைச் சொன்னா யாரும் பதில் போடாம இருந்ததில்ல."

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நன்றின்னு சொல்லணும். அது வாயில வரல." அவர் தொண்டையைச் செருமினார். "அப்புறம் அந்தப் பிறந்தநாள் வாழ்த்து. வருஷா வருஷம் அனுப்பறீங்களே, அது என் பிறந்தநாளே இல்ல. பள்ளிக்கூடத்துல சேக்கும்போது வாத்தியார் போட்ட தேதி. எங்க வகுப்புல பாதிப் பேருக்கு ஜூன் ஒண்ணுதான்."

"என் பிறந்தநாளும் ஜூன் ஒண்ணுதான்!" என்று என்னையும் அறியாமல் சொல்லிவிட்டேன்.

"அது யாரு?"

"எங்க அக்கா" என்றாள் தாட்சு. அப்போதுதான் கொஞ்சம் சிரித்தாள். அந்தப் பக்கமும் சிரிப்புக் கேட்டது. "ஸ்டாப் வந்துடுச்சு மேடம், வெக்கறேன்" என்றார். நன்றி அவரும் சொல்லவில்லை, இவளும் சொல்லவில்லை.

அந்த வேலையை எடுப்பதா வேண்டாமா என்று அவள் யோசித்தது இரண்டு நாள். பிரபுசாமிக்கு யோசிக்க என்ன இருக்கிறது என்று புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை அவளே, "நான் போகலேன்னாலும் அவங்களை அனுப்பத்தான் போறாங்க அக்கா. திரையில வந்து யாராவது ஒரு நிமிஷத்துல படிச்சுட்டுப் போவாங்க" என்றாள். அது சமாதானமா, சாக்கா என்று நான் இன்றுவரை தீர்மானிக்கவில்லை. தீர்மானிக்கிறவன் மேலே இருக்கிறான். அவள் கிளம்பிய அன்று நெற்றியில் விபூதி இட்டு அனுப்பினேன்.

மாசி மாதத்தில் அங்கே முதல் ஆட்களை அனுப்பும் நாள் வந்தது. சாயங்காலம் வீடு திரும்பியவள் செருப்பைக் கழற்றாமலே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். முகம் கழுவச் சொல்லி, அரிசி ரொட்டி சுட்டு, கத்தரிக்காய்ப் பொரியலோடு தட்டில் வைத்தேன்.

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் அக்கா" என்றாள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே.

"வேலை இல்லைன்னு சொல்லிட்டியா?"

"அதையும்தான். என் ஆளுங்க மூவாயிரம் பேரும் லிங்க்டின்ல இருக்காங்க, என் பேரைச் சொல்லி யாருக்கு வேணும்னாலும் எழுதுங்க, ராத்திரின்னாலும் கூப்பிடுங்கன்னேன். ஒருத்தர் என் மூஞ்சியைப் பாத்துக் காறித் துப்பாத குறை. இன்னொரு பொண்ணு என் நம்பரை வாங்கிக்..."

முடிப்பதற்குள் போன் அடித்தது. அவள் இடது கையால் எடுத்தாள். அந்தப் பக்கம் ஒரு பெண் விசும்பிக்கொண்டே ஏதோ சொன்னாள். தாட்சு கேட்டாள். வெகுநேரம் கேட்டாள்.

"சரிம்மா. முதல்ல தண்ணி குடி. குடிச்சியா? இப்ப எழுதிக்கோ. புனேயில ஒருத்தர் இருக்கார்..."

அவள் பேசிக்கொண்டே எழுந்து ஜன்னலோரம் போனாள். நான் தட்டின்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து வைத்தேன். அந்தப் போன் முடிவதற்குள் இன்னொன்று வந்தது, அது முடிந்ததும் மற்றொன்று. அவள் திரும்பி வந்து உட்கார்ந்தபோது ரொட்டி தோல் மாதிரி விறைத்துப்போயிருந்தது.

"வேற சுடட்டுமா?" என்றேன்.

"வேணாம் அக்கா, இதுவே போதும்" என்று சொல்லி, அதையே பிய்த்து, மெதுவாக மென்று தின்றாள்.